அறிக்கை ‘எஸ்’ என்கிறது, பூஞ்சை ஏன் போகவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் இருக்கும் உங்கள் தந்தையார், கழுத்தின் ரத்தக்குழாயில் பொருத்தப்பட்ட கதீட்டர் என்ற குழாய் வழியாக வேலூரில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒருநாள் டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கேண்டிடா டிராபிகாலிஸ் என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளர்ந்தது. ஃப்ளூகோனசோல் மருந்துக்கு எம்.ஐ.சி. (வளர்ச்சியை அடக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) 1, அதாவது ‘எஸ்’, மருந்து கேட்கும் என்று அறிக்கை வந்தது. ஏழு நாள் அந்த மருந்தைக் கொடுத்த பிறகும் மறு கல்ச்சரில் அதே பூஞ்சை இருக்கிறது. கதீட்டரை எடுத்துவிட்டு மருந்தையும் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். ஆய்வகம் தவறு செய்ததா, மருந்து போலியா, அளவைக் கூட்டிக் கொடுத்தால் கதீட்டரைக் காப்பாற்ற முடியாதா என்று கேட்கிறீர்கள். தந்தையாரின் பல்செட்டில் வெள்ளையாகப் படிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேலூரில் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்த வரையில் அறிக்கையில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை, மருந்தைச் சந்தேகிக்கவும் காரணம் இல்லை, மருத்துவர் சொல்வது சரி. இம்மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

எம்.ஐ.சி. என்ற எண் எப்படிக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கல்ச்சர் பாட்டிலில் வளர்ந்த பூஞ்சையைத் தட்டில் பரப்பி, தனித்தனிப் புள்ளிகளாக வளரவிட்டு, அவற்றில் சிலவற்றை எடுத்து நீர்மத்தில் கலக்குகிறோம். மருந்தின் அளவு படிப்படியாக இரட்டித்துக்கொண்டே போகும் சிறுகுழிகளில் அந்தக் கலவையை ஊற்றி, ஒருநாள் வைத்திருந்து, எந்த அளவில் வளர்ச்சி போதுமான அளவு அடங்குகிறது என்று பார்க்கிறோம். இப்போது பல இடங்களில் இதை இயந்திரமே செய்துவிடுகிறது. கேண்டிடா டிராபிகாலிஸைப் பொறுத்தவரை, ஃப்ளூகோனசோல் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழேயே அடங்கிவிட்டால் ‘எஸ்’. 4 என்றால் அளவைக் கூட்டிக் கொடுத்தால் கேட்கக்கூடும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் ‘ஆர்’, கேட்காது. உங்கள் தந்தையாருடையது 1. ஆகவே ‘எஸ்’ என்பது சரியான விடைதான். ஆனால் அந்தக் குழிக்குள் இருந்தவை நீர்மத்தில் தனித்தனியாக மிதந்துகொண்டு, நல்ல உணவு கிடைத்து, வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த செல்கள். கதீட்டரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே பூஞ்சைதான் என்றாலும், அது அங்கே வாழும் முறை வேறு. ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, கூட்டமாகக் கூழுக்குள் வாழும் அந்த முறையைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். வேலூர்க் கோட்டை அகழியில் நீரை மேலாக மொண்டு பார்த்தால் தெளிவாகத் தெரியும். படிக்கல்லில் கால் வைத்தால் வழுக்கிவிடும். மொண்ட நீரைச் சோதித்துவிட்டுக் கல்லில் படிந்த பாசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாதல்லவா? நாங்கள் தரும் எம்.ஐ.சி. மொண்ட நீரைப் பற்றியது.

கதீட்டர் ரத்தக்குழாய்க்குள் போன சிறிது நேரத்திலேயே அதன் மேல் ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் படிந்துவிடுகின்றன. தோலிலிருந்தோ, குழாயைக் கையாளும் கைகளிலிருந்தோ, சில நேரம் குடலிலிருந்து ரத்தத்தின் வழியாகவோ வந்து சேரும் ஈஸ்ட் செல்கள், தம் மேற்பரப்பில் உள்ள ஒட்டுப் புரதங்களைக் கொண்டு அந்தப் படிவைப் பற்றிக்கொள்கின்றன. மிகவும் விரிவாக ஆராயப்பட்ட கேண்டிடா ஆல்பிகன்ஸில், ஒட்டிய செல்கள் சில மணி நேரத்தில் பெருகி, நீண்ட இழைகளையும் விடத் தொடங்கி, ஓரிரு நாளில் பல அடுக்குகளாகப் பின்னி, தாமே சுரக்கும் கூழ் போன்ற ஒரு பொருளுக்குள் அடங்கிவிடுவதை ஆய்வகத்திலேயே காண முடிகிறது. முழு வளர்ச்சி அடைந்த படலம் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் தடிமனுக்குக்கூடப் போகும். இழை விடாத கேண்டிடா கிளாப்ராட்டாவும் படலம் கட்டுகிறது என்பதால் இழை இல்லாமலும் இது நடக்கும். டிராபிகாலிஸோ கெட்டியான படலம் கட்டுவதில் பேர்போனது. நம் நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தத்தில் காணப்படும் கேண்டிடாக்களில் முன்னணியில் நிற்பதும் அதுதான். மேலைநாடுகளில் அந்த இடம் நெடுங்காலமாக ஆல்பிகன்ஸுக்கு உரியது.

இப்படிப் படலமாக ஆனபின் மருந்து ஏன் கேட்பதில்லை? 1995-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஹாசர், டக்ளஸ் என்ற இருவர் கதீட்டர் பொருளின் சிறு வில்லைகளில் ஆல்பிகன்ஸைப் படலமாக வளர்த்து, அப்போது வழக்கத்தில் இருந்த ஐந்து பூஞ்சை மருந்துகளைச் சோதித்தார்கள். படலத்தின் இயக்கத்தைப் பாதியாகக் குறைப்பதற்கே, வழக்கமாகச் சொல்லப்படும் எம்.ஐ.சி.யைப் போல் 30 முதல் 2000 மடங்கு வரை மருந்து தேவைப்பட்டது. அழிப்பதற்கு அல்ல, பாதியாக்குவதற்கு. பிறகு பலரும் பல முறைகளில் செய்த சோதனைகளும், குறிப்பாக ஃப்ளூகோனசோல் விஷயத்தில், இதையே உறுதிப்படுத்தின.

அந்தக் கூழ்ப்பொருள் சுவராக நின்று மருந்தை உள்ளே விடுவதில்லை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். பாடநூல்களிலும் இதைப் பார்க்கலாம். இது பாதி உண்மைதான். அதே கிளாஸ்கோ குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துகள் படலத்தின் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து சென்றன; சில மெதுவாக, சில விரைவாக. கடந்து சென்ற பின்பும் செல்கள் பிழைத்திருந்தன. எனவே சுவர் என்ற விளக்கம் மட்டும் போதாது என்று தெளிவாயிற்று. கூழ்ப்பொருள் செய்யும் வேலை வேறு. அதில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி ஃப்ளூகோனசோலைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. மருந்து படலத்துக்குள் வந்தாலும் செல்லுக்குள் இருக்கும் இலக்கைப் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளூக்கானைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது, அதே படலம் அதே மருந்துக்குப் பணிந்தது. கூழ்ப்பொருளில் சர்க்கரைகளைவிடப் புரதம்தான் மிகுதி என்பதையும், கொழுப்பும் சிறிதளவு டி.என்.ஏ.வும்கூட அதில் கலந்திருப்பதையும் அவர்கள் 2014-இல் அளந்து காட்டினார்கள்.

அடுத்த காரணம் செல்லின் உள்ளே இருக்கிறது. ஃப்ளூகோனசோல் பூஞ்சையைக் கொல்லும் மருந்து அல்ல. செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற பொருளை உருவாக்கும் ஒரு நொதியைத் தடுத்து, வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் மருந்து. வளர்ந்துகொண்டிருக்கும் செல்லுக்குப் புதிய சவ்வு தேவை, ஆகவே அடி பலமாக விழும். படலத்தின் ஆழத்தில், உணவும் ஆக்சிஜனும் குறைவாக, ஏறக்குறைய வளராமலே இருக்கும் செல்லுக்கு அந்த நொதி தடைபட்டால் பெரிய இழப்பு இல்லை. போதாக்குறைக்கு, முதிர்ந்த படலத்தில் உள்ள செல்கள் தம் சவ்வில் எர்கோஸ்டெராலின் அளவையே குறைத்துக்கொள்கின்றன. மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளையும் செல்கள் கூடுதலாக உருவாக்குகின்றன; ஆனால் அவை முக்கியமாக உதவுவது படலத்தின் தொடக்க மணி நேரங்களில்தான். பம்புக்குரிய மரபணுக்களை நீக்கிய பூஞ்சையும் முதிர்ந்த படலமானபின் மருந்தைத் தாங்கியது. இப்படி ஒரு காரணத்தை அடைத்தால் இன்னொன்று திறந்துகொள்வதால்தான் இந்தத் துறையில் ஒற்றைத் தீர்வு கிடைக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, படலத்துக்குள் மிகச் சிறுபான்மையான சில செல்கள் எந்த மருந்துக்கும் அசையாமல் உறங்கிக் கிடக்கின்றன. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆம்ஃபோடெரிசின் போன்ற கொல்லும் மருந்துகளைக் கொடுத்த பின்னும் ஆல்பிகன்ஸ் படலத்தில் எஞ்சிய இத்தகைய செல்களை எடுத்து மறுபடி வளர்த்தபோது, புதிய தலைமுறை மருந்துக்கு மற்றவற்றைப் போலவே பணிந்தது. அதிலும் முன்போல ஒரு சிறுபான்மை மட்டுமே தப்பியது. மரபணு மாற்றம் எதுவும் இல்லை. உங்கள் தந்தையாரின் இரண்டாவது கல்ச்சரிலும் எம்.ஐ.சி. மாறாமல் 1 என்றே வந்தால் அது உங்களை வியக்க வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். படலத்திலிருந்து கழன்று ரத்தத்தில் மிதந்து எங்கள் பாட்டிலுக்கு வந்து சேரும் செல், படலத்தில் இருந்தபோது இருந்த தாங்கும் ஆற்றலை விட்டுவிட்டுத்தான் வருகிறது. நாங்கள் சோதிப்பது அதைத்தான். மருந்து ரத்தத்தில் மிதப்பவற்றை அடக்குகிறது, கதீட்டர் புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டயாலிசிஸில் ரத்தம் அந்தக் குழாய் வழியே வேகமாக ஓடத் தொடங்கியதும் நடுக்கம் வந்தது இதனோடு மிகவும் பொருந்துகிறது.

நம் ஊரில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நிறைய இருப்பதால் ஒரு செய்தியை இடையில் சொல்லிக்கொள்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், பூஞ்சையின் கால்சிநியூரின் என்ற நொதியையும் முடக்குகிறது. தாங்கும் ஆற்றலுக்கு அந்த நொதி அவசியம் என்பதால், ஆய்வகத்தில் ஃப்ளூகோனசோலோடு டாக்ரோலிமஸைச் சேர்த்தால் ஆல்பிகன்ஸ் படலம் நொறுங்குகிறது. ஆனால் மனிதரின் எதிர்ப்பாற்றலையும் அதே மருந்து அடக்கிவிடுவதால் இதைச் சிகிச்சையாகப் பயன்படுத்த முடியாது. மனித நொதியைத் தொடாமல் பூஞ்சையின் நொதியை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைத் தேடும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது.

இனி அளவைக் கூட்டுவது பற்றி. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் கொடுத்தால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 20 முதல் 30 மைக்ரோகிராம் வரை சேரும். மிதக்கும் செல்லுக்கு அது தாராளம். முதிர்ந்த படலமோ ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமுக்கும் அசைவதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூட்டினாலும் அந்த அளவை எட்ட முடியாது. அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும். இதைச் சொல்லும்போது வேறொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: டயாலிசிஸ் ஒருமுறை செய்தாலே உடலில் உள்ள ஃப்ளூகோனசோலில் ஏறக்குறைய பாதி வெளியேறிவிடும். ஆகவே டயாலிசிஸ் நாளில் மருந்தை டயாலிசிஸ் முடிந்த பிறகே கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் குடியாத்தத்திலிருந்து பேருந்து ஏறி வந்து டயாலிசிஸில் அமர்ந்திருந்தால், கொடுத்ததில் ஏறக்குறைய பாதி வீண். இது நடந்திருந்தாலும் நடந்திருக்கலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாற்று மருந்துகள் இரண்டு வகை. காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின் ஆகியவை பூஞ்சையின் செல்சுவருக்கு வேண்டிய பீட்டா குளூக்கான் உருவாவதையே தடுக்கின்றன. அதே குளூக்கான்தான் கூழ்ப்பொருளிலும் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். படலத்தின் மீது இவை ஃப்ளூகோனசோலைவிட நன்றாக வேலை செய்கின்றன, கேண்டிடாவைக் கொல்லவும் செய்கின்றன. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியதில்லை, டயாலிசிஸில் வெளியேறுவதும் இல்லை. லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் படலத்தின் மீது வலிமையுள்ள மற்றொரு மருந்து; ஆனால் ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்பதால், கொஞ்சநஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அதுவும் கவலைதான். ரத்தத்தில் கேண்டிடா இருந்தால் முதலில் காஸ்போஃபங்கின் வகையில் தொடங்கி, நோயாளி நிலைப்பட்டு, கல்ச்சரும் சுத்தமாகி, பூஞ்சையும் ‘எஸ்’ என்று தெரிந்த பிறகு ஃப்ளூகோனசோலுக்கு மாறுவதே அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்லும் வரிசை. உங்கள் தந்தையாருக்கு அந்த வரிசை தலைகீழாக நடந்திருக்கிறது. காஸ்போஃபங்கின் வகை ஊசியின் விலையை நினைத்துத் தொடக்கத்தில் மாத்திரை கொடுப்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கதீட்டரையும் வைத்துக்கொண்டு ஃப்ளூகோனசோலையும் மட்டும் கொடுப்பது, செலவைச் சேமிப்பதுபோலத் தோன்றிச் செலவைக் கூட்டும் வழி.

எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் கதீட்டரை எடுப்பதற்கு ஈடாகாது. மேலே சொன்ன பம்பு, கூழ்ப்பொருள், உறங்கும் செல் ஆகிய எல்லாமே குழாயோடு சேர்ந்து ஒரே நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அதனால்தான் கதீட்டரே காரணம் என்று கருதப்படும் நிலையில் அதை விரைந்து அகற்ற வேண்டும் என்று வழிகாட்டிகள் வற்புறுத்துகின்றன. அடுத்த டயாலிசிஸ் எப்படி என்பதே உங்கள் அச்சம் என்று தெரிகிறது. தொடை வழியாகத் தற்காலிகக் குழாய் போட்டு டயாலிசிஸைத் தொடர்ந்துவிட்டு, ரத்தம் சுத்தமான பிறகு புதிய கதீட்டரை வேறிடத்தில் பொருத்துவதே வழக்கம். கையில் ஃபிஸ்டுலா போடும் (டயாலிசிஸுக்காகச் சொந்த ரத்தக்குழாய்களையே இணைக்கும்) யோசனையையும் இப்போதே பேசத் தொடங்குங்கள், ஏனென்றால் சொந்த ரத்தக்குழாயில் அந்நியப் பொருள் இல்லை. கதீட்டருக்குள் மருந்தையோ ஆல்கஹாலையோ நிரப்பி மூடிவைக்கும் லாக் முறையும் உண்டு. குழாய் போட வேறு இடமே மிஞ்சாதவர்களுக்காக அதை வைத்துக்கொள்ள வேண்டும், முதல் வழியாக அல்ல.

படலத்தையே நேரடியாகச் சோதித்து ஓர் எண் தரக்கூடாதா என்று மாணவர்களும் கேட்பார்கள். முடியும், குழித்தட்டின் அடியில் படலத்தை வளர்த்து, எக்ஸ்.டி.டி. என்ற சாயத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு உயிருள்ள செல்களை அளக்கும் முறை 2001 முதல் ஆராய்ச்சியில் புழங்குகிறது. ஆனால் அந்த எண்ணில் எது ‘எஸ்’, எது ‘ஆர்’ என்று நோயாளிகளின் முடிவுகளோடு ஒப்பிட்டு வகுத்த எல்லைக்கோடு இல்லை. எல்லைக்கோடு இல்லாத எண்ணை அறிக்கையில் அச்சிட்டால் படிப்பவர் குழம்புவார், வேறு பயன் இல்லை. என் கருத்தில், கதீட்டர் உள்ள நோயாளியின் அறிக்கையில் ‘இந்த முடிவு கதீட்டரில் உள்ள படலத்துக்குப் பொருந்தாது’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பது அதைவிட உதவும்.

மரபணு வழியாக வரும் உண்மையான எதிர்ப்பு வேறு கதை. அதில் அறிக்கையே ‘ஆர்’ என்று சொல்லிவிடும். 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, பிறகு இந்தியா உட்படப் பல நாட்டு மருத்துவமனைகளில் பரவிய கேண்டிடா ஆரிஸ் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்குப் பணிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அது முதல் நிலை அபாயத்தில் இருக்கிறது, டிராபிகாலிஸ் அதற்கு அடுத்த நிலையில். படலத்தின் தாங்கும் ஆற்றலும் இந்த மரபணு எதிர்ப்பும் முற்றிலும் தொடர்பற்றவை என்றும் சொல்ல முடியாது. படலத்துக்குள் பிழைத்திருக்கும் செல்கள் நாட்கணக்கில் மருந்தின் நடுவே கிடக்கும்போது, அவற்றில் ஒன்றிரண்டு மரபணு மாற்றம் பெற்று நிரந்தர எதிர்ப்போடு எழுவதற்கு வாய்ப்புக் கூடுகிறது. கதீட்டரை எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். மறு கல்ச்சரிலும் எம்.ஐ.சி. பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கதீட்டர் எடுத்த பிறகு, ரத்தம் சுத்தமாகும் வரை தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கல்ச்சர் எடுப்பார்கள். பூஞ்சை வளராத முதல் கல்ச்சர் எந்தத் தேதியோ அதிலிருந்து 14 நாள் மருந்து தொடர வேண்டும். மருந்து தொடங்கிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுவதும் அவசியம், பார்வை தெளிவாக இருந்தாலும்கூட. கதீட்டர் போன பின்பும் கல்ச்சர் சுத்தமாகவில்லை என்றால், இதய வால்வைப் பார்க்க எக்கோ எடுக்கச் சொல்வார்கள், தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

பல்செட்டில் படிவதும் உயிர்ப்படலம்தான்; அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கேண்டிடா எளிதாக ஒட்டும், பாக்டீரியாவும் உடன் சேரும். ரத்தத்தில் இருந்த பூஞ்சை அங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. கதீட்டரே போதுமான காரணம். ஆனால் அண்ணத்தில் சிவப்போ எரிச்சலோ இருந்தால் அதற்கும் மாத்திரை மட்டும் போதாது, செட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். இரவில் கழற்றிவிடச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ்ஷால் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவி, குளோர்ஹெக்சிடின் கரைசலில் ஊறவைத்து, மறுநாள் நன்றாக அலசிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ப்ளீச் கரைசலும் பயன்படும், ஆனால் செட்டில் உலோகக் கம்பி இருந்தால் அது அரித்துவிடும் என்பதால் வேண்டாம். செட் பழையதாகிச் சொரசொரப்பாகவோ தளர்வாகவோ இருந்தால், இந்தக் காய்ச்சல் எல்லாம் முடிந்த பிறகு பல் மருத்துவரிடம் காட்டிப் புதிதாகச் செய்துகொள்வது நல்லது.